காட்டை வரையும்போது பச்சையை எப்போது வைப்பது? (லகுகல வீதியோரக் காடு, அக்ரிலிக்)

வாவிக்கரையாள் (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கிலங்கையில் பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குப் போகும் ஏ4 வீதி லகுகலக் காட்டை ஊடறுத்துச் செல்கிறது அல்லவா, அந்த இடத்தை மூன்றடிக்கு இரண்டடி கன்வஸில் அக்ரிலிக் கொண்டு வரைகிறேன். ஓகஸ்ட் மாதத்துக் காலை, கச்சான் காற்று பலமாக வீசும் நேரம்.

இலை இலையாக எண்ணி வரைந்த படம் எனக்கு வேண்டாம். காற்றில் அந்தக் காடு முழுவதும் ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்புகிறதே, உள்ளே இருட்டும் வெளியே வெயிலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றனவே, அது தூரிகை அடியிலேயே தெரிய வேண்டும். இப்போது கன்வஸில் இருப்பதோ ஒரு பச்சைச் சுவர். முன்னால் நிற்கும் பாலை மரத்துக்கும் பின்னால் இருக்கும் அடர்காட்டுக்கும் இடையில் தூரமே இல்லை. மேலே மேலே நிறம் வைக்க வைக்க இன்னும் கலங்குகிறது.

என் கேள்வி அடுக்குகளின் வரிசையைப் பற்றியது. எது கீழே, எது மேலே, பச்சை எந்த இடத்தில்? கையில் சாப் கிறீன் (மஞ்சள் கலந்த பச்சை), விரிடியன் (நீலம் கலந்த பச்சை), அல்ட்ராமரின் (நீலம்), மஞ்சட்காவி, பர்ன்ட் சியன்னா (செங்கபிலம்), லெமன் மஞ்சள், வெள்ளை, கறுப்பு ஆகியவை இருக்கின்றன. புதிதாக ஒரு கன்வஸில் தொடங்கவும் தயார்.

உன்னிச்சைக்குளம் (ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்)

மகள், பச்சையின் மேல் பச்சை வைத்தால் எத்தனை அடுக்கு வைத்தாலும் கண்ணுக்கு அது ஓர் அடுக்குத்தான். புதிய கன்வஸிலேயே தொடங்குங்கள். அதன் வெள்ளையை முதலில் இல்லாமற் செய்யுங்கள்.

பர்ன்ட் சியன்னாவில் சிறிது மஞ்சட்காவி சேர்த்து, கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் அக்ரிலிக் மீடியமும் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் பிசின்) விட்டுக் கரைத்து, அகலமான தூரிகையால் கன்வஸ் முழுவதும் அடியுங்கள். தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றினால் வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பிசின் நீர்த்துப்போய், அடுத்த அடுக்கு வைக்கும்போது கீழே உள்ளது கழன்று வரும். நன்றாகக் காயவிடுங்கள். பிறகு இருண்ட இடங்கள். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் கறுப்பை விட உயிருள்ள இருட்டு கிடைக்கும். நீலம் ஓங்கினால் அது பின்னுக்குப் போகும், சியன்னா ஓங்கினால் முன்னுக்கு வரும். அதன்பின் தூரத்து மரத் திரளுக்கு மங்கிய ஊதாவும் சாம்பல்நீலமும். இதுவரைக்கும் பச்சைக் குழாயின் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பச்சை இதற்கு மேல்தான் வருகிறது. அதுவும் கன்வஸில் மூன்றில் ஒரு பங்கை மூடினால் போதும். மிச்ச இடத்தில் கீழே இருக்கும் சிவப்பும் ஊதாவும் அப்படியே தெரியட்டும். கண் அவற்றையும் சேர்த்துப் பார்த்துக் 'காடு' என்று சொல்லிவிடும்.

காரணம் நிறங்களின் இயல்பில் இருக்கிறது. பிரான்சில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்தன. அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை 1839இல் நூலாகவே எழுதினார். செம்மைக்குப் பக்கத்தில் வைத்த பச்சை இன்னும் பச்சையாகத் தெரிவது அதனால்தான். கனடா நாட்டு ஓவியர் டொம் தொம்சன் 1916-17 காலத்தில் வரைந்த 'ஜாக் பைன்' என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். இலைத் திரள்களுக்கிடையே சிவந்த அடிநிறம் தெரியும்படி விட்டிருப்பார். அவரது மரம் குளிர்நாட்டு ஊசியிலை மரம். நமக்கோ அந்தச் சிவப்பு இன்னும் நெருக்கமானது. வறண்ட வலயத்து மண்ணே செங்கபிலம் அல்லவா? காட்டின் அடியில் நிலம் எப்படியிருக்கிறதோ அப்படியே கன்வஸின் அடியிலும் இருக்கட்டும்.

சாப் கிறீனைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். லெமன் மஞ்சளில் ஒரு துளி கறுப்பு விட்டால் முற்றிய இலையின் பச்சை வரும். மஞ்சட்காவியும் அல்ட்ராமரினும் வெயிலில் வாடிய இலைக்கு. விரிடியனும் பர்ன்ட் சியன்னாவும் நிழலுக்குள் இருக்கும் இலைக்கு. வெளிச்சம் வேண்டுமென்று பச்சையில் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளிறும். மஞ்சளால் தூக்குங்கள்.

அறுகம்பை

நான் ஓவியன் அல்லன். ஆனால் அந்தக் காட்டு ஓரத்திலேதான் எங்களுடைய வயல், சிறுவயதிலிருந்து பார்க்கிற மரங்கள். வாசித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சேர் சொன்ன சிவப்பு நிலம் சரி. அதோடு, மரங்களையும் ஒரே பச்சையாக நினைக்க வேண்டாம், தங்கச்சி. பாலையின் இலை தடிப்பானது, கரும்பச்சை. அடிமரம் கறுத்து வெடித்திருக்கும். வீரையின் அடிமரம் வேறு மாதிரி, நெடுக மடிப்பு மடிப்பாக இறங்கும். காலை வெயிலில் அந்த மடிப்புகளுக்குள் நிழல் கோடு கோடாக நிற்கும். முதிரையின் இலைகள் சின்னஞ்சிறியவை. அதனூடாக வானம் தெரியும், பாலையினூடாகத் தெரியாது. தண்ணீர் இருக்கும் பக்கம் போனால் மருது. அதன் பட்டை வெளிறிச் செதில் செதிலாக உரியும். இருண்ட காட்டுக்கு முன்னால் வெயில் பட்டு நிற்கும் ஒரு மருதைக் கண்டால் அதைத்தான் முதலில் பார்ப்போம். கூழா தளிர்விடும் காலத்தில் பச்சையே கிடையாது, செம்பு நிறம்.

இன்னொன்று. வறட்சிக் காலத்தில் வீதியோரத்துப் பற்றைகளில் புழுதி படிந்திருக்கும். முன்னால் இருக்கும் இலை மங்கலாகவும் அதற்கு உள்ளே இருக்கும் இலை கரும்பச்சையாகவும் தெரியும். முன்னுக்கு உள்ளது எப்போதும் பிரகாசமாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வீதியோரத்திலிருந்தே வரையுங்கள். உள்ளே இறங்க வேண்டாம். அது 1980இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு, 1,554 ஹெக்டேயர்தான், சிறியது. ஆனால் வறட்சிக் காலத்தில் குளத்துப் புல்லுக்காக யானைகள் கூட்டமாக வந்து சேரும் இடம். ஸ்டாண்டை விரித்து வைத்துவிட்டுப் படத்திலேயே கண்ணாக இருப்பவருக்கு யானை வரும் சத்தம் கேட்காது. துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

திருக்கோவில்_மணல்

அறுகம்பைக் காக்கா எழுதியதைப் பிரதி எடுத்து என் சுவரில் ஒட்டப்போகிறேன். முதிரையினூடாக வானம் தெரியும், பாலையினூடாகத் தெரியாது: ஓவியனுக்கு இதைவிடப் பயனுள்ள வாக்கியம் கிடையாது.

ஆனால் சேர், உங்கள் வரிசையில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடம் இருக்கிறது. நிறத்தைப் பற்றிப் பேசும் முன் இருளையும் ஒளியையும் தீர்க்க வேண்டும். வாவிக்கரையாளின் பச்சைச் சுவருக்குக் காரணம் பச்சை அன்று. முன்மரமும் பின்காடும் ஒரே அளவு இருட்டாக இருப்பதுதான். அந்தப் படத்தைச் சிவப்பில் வரைந்திருந்தால் சிவப்புச் சுவர் கிடைத்திருக்கும். செங்காவி அடிநிறம் அழகானதுதான். ஆனால் அதைப் போட்டவுடன் கன்வஸ் முழுவதும் நடுத்தர இருளாகிவிடுகிறது. புதியவர்களுக்கு அதில் எது இருள், எது வெளிச்சம் என்று பிரிப்பது கஷ்டம்.

என் வழி இது. தபாலட்டை அளவுள்ள ஹார்ட்போர்ட் துண்டில் கறுப்பு, ஒரு சாம்பல், வெள்ளை ஆகிய மூன்றை மட்டும் வைத்து முழுக் காட்டையும் வரையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இருண்ட இடங்களைத் துண்டு துண்டாக விடாமல் ஒன்றோடொன்று தொடுத்து ஒரே பெரிய வடிவமாக்குங்கள். வெள்ளை ஓரிடத்தில் மட்டும். அந்த இடம் மருதின் பட்டையா, வீதி முடிவில் தெரியும் வெளியா என்று முதலிலேயே தீர்மானியுங்கள். இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டும் தோற்கும்.

வானத்தையும் யோசியுங்கள். குஸ்தாவ் கிளிம்ட் அட்டையில் துளை வெட்டி அதனூடாகப் பார்த்துத்தான் காட்சியைத் தேர்ந்தெடுத்தார். 1903 அளவில் அவர் வரைந்த காடுகளில் அடிமரங்கள் மேல் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கும், நிலமெங்கும் உதிர்ந்த இலைகள் புள்ளி புள்ளியாகக் கிடக்கும், வானம் இலேசாகத்தான் எட்டிப் பார்க்கும். பார்ப்பவன் காட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதில்லை, உள்ளே நிற்கிறான். மேலே அகலமாக நீல வானம் வைத்தவுடன் அது சுற்றுலாப் பயணிக்கு விற்கும் படமாகிவிடுகிறது. இது என் கருத்து, யாரும் வருந்த வேண்டாம்.

உன்னிச்சைக்குளம்

தம்பி, சிறு படம் போட்டுப் பார்க்கும் யோசனையை நானும் ஏற்கிறேன். பாடசாலையிலும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அதையும் வெள்ளை ஹார்ட்போர்டில் செய்யாதீர்கள். வெள்ளையின் மேல் எந்த நிறமும் உண்மையை விட இருட்டாகத் தெரியும். அதனால் கை பயந்து எல்லாவற்றையும் வெளிறலாக வைக்கும். நடுத்தர நிறத்தின் மேல் வைத்தால் இருட்டு இருட்டாகவும் வெளிச்சம் வெளிச்சமாகவும் முதல் அடியிலேயே தெரியும். நீங்கள் கஷ்டம் என்று சொன்னதையே நான் வசதி என்கிறேன்.

நிறத்தையும் இருளையும் இரண்டு வேலையாகப் பிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நம் காட்டு நிழல் சாம்பல் நிறமானதன்று. காலை எட்டு மணிக்கு வீதியில் விழும் நிழலில் ஊதா இருக்கிறது. அதைச் சாம்பலாகப் பழகிய கண் பிறகு சாம்பலாகவே பார்க்கும்.

கூழாவடி

நான் நீர்வண்ணத்தில் வரைபவன், எனக்கு எல்லாமே தலைகீழ். வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போகிறேன். அடிமரத்தை நான் வரைவதேயில்லை, அதைச் சுற்றியுள்ள இருட்டை வரைகிறேன், மரம் தாளின் வெள்ளையிலேயே நிற்கிறது.

இதை அக்ரிலிக்கிலும் செய்யலாம், அக்கா. இலைத் திரளை முழுதாக வைத்துவிட்டு, கடைசியில் வான நிறத்தால் அதைத் துளையிட்டு வெட்டுங்கள். கிளைகளின் வடிவம் அந்தத் துளைகளால் கிடைக்கும். ஒரு விடயம் மட்டும் கவனிக்க வேண்டும். இலைகளுக்கிடையே தெரியும் வானத்துண்டு வெளியான வானத்தை விடச் சற்று மங்கலாக இருக்க வேண்டும். அதே வெளிச்சத்தில் வைத்தால் மரத்தில் கடதாசித் துண்டு ஒட்டியதுபோல் முன்னுக்கு வந்து நிற்கும்.

லகுகல தூரம். பழகுவதற்கு நம் மட்டக்களப்பு வாவிக்கரை போதும். கண்ணா என்ற கண்டல் மரத்தின் சாம்பல்பச்சை ஒரு பக்கம், உதிரும் முன் சிவந்துபோகும் தில்லை இலைகள் ஒரு பக்கம். சேர் சொன்ன சிவப்பும் பச்சையும் அங்கே இயல்பாகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தில்லைக்குப் பெயர் பெற்ற மண்டூர்ப் பக்கமும் போகலாம். ஆனால் பார்வையை மறைக்கிறது என்று தில்லைக் கிளையை ஒடித்துவிடாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும்.

வாவிக்கரையாள்

எல்லோருக்கும் நன்றி. சேர் சொன்னபடி செங்காவி அடிநிறத்தில் திருக்கோவில் அண்ணா சொன்ன சிறு படத்தைப் போட்டேன். இருண்ட இடங்கள் ஒன்றாகச் சேர்ந்ததும் காட்டுக்கு ஓர் உள்பக்கம் வந்துவிட்டது. பெரிய கன்வஸிலும் இருளும் ஊதாவும் வைத்தாயிற்று. வெளிச்சத்தை மருதுக்கே கொடுக்கிறேன், வீதியின் முடிவு மங்கலாகவே இருக்கும்.

இனிப் பச்சை. தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். எந்தத் திசையில், எவ்வளவு தடிப்பில், எந்தத் தூரிகையால்? இதுவரை வைத்த இருட்டு அழகாக இருக்கிறது. அதைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

திருக்கோவில்_மணல்

இந்த இடத்தில்தான் படம் உங்களுடையதாகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திசை முதலில். கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. அந்தக் காட்டில் ஓகஸ்டில் ஒவ்வொரு கிளை நுனியும் கடலைப் பார்த்துச் சாயும். படத்தில் கடல் எந்தப் பக்கம் என்று தீர்மானித்துவிட்டு, இலைக்காக வைக்கும் எல்லா அடிகளையும் அந்தப் பக்கமே சாயுங்கள். முன்மரத்தின் அடியும் தூரத்து மரத்தின் அடியும் ஒரே சாய்வில் இருக்கட்டும், நீளம் மட்டும் மாறட்டும். செசான் மரங்களை வரைந்தபோது சாய்ந்த அடிகளை ஒன்றுக்கு இணையாக ஒன்றாக வைத்தார். இலையும் பாறையும் வானமும் அந்த ஒரே சாய்வால் கட்டுப்பட்டு நிற்கின்றன. உங்களுக்கு அந்தச் சாய்வைக் காற்றே கொடுத்திருக்கிறது. அடிமரங்களுக்கு மட்டும் எதிர்த் திசை, அடியிலிருந்து மேலே ஒரே இழுப்பு. மரம் வளர்ந்த திசையில் கை போனால் மரம் நிற்கும். மேலிருந்து கீழே இழுத்தால் தொங்கும்.

தடிப்பு. இருட்டு மெல்லியதாக, வெளிச்சம் தடிப்பாக. நிழலில் தடித்த வண்ணம் இருந்தால் அதன் மேடுகளில் அறை வெளிச்சம் பட்டு மினுங்கி, நிழல் ஆழம் இல்லாமல் போய்விடும். வெயில் பட்ட இலைக்கும் மருதின் பட்டைக்கும் வண்ணத்தைக் குழாயிலிருந்து வந்தபடியே அள்ளி வையுங்கள். மருதின் செதிலுக்கு வண்ணக் கத்தி நன்றாக வரும். வேறெங்கும் கத்தியைப் பயன்படுத்த வேண்டாம்.

தூரிகை. தூரத்துக்குப் பெரிய தட்டைத் தூரிகை, கிட்டத்துக்குச் சிறியது. மாற்றிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அதுதான் சரியான வழி. தூரத்தில் விவரம் கிடையாது. நடுத்தூரத்து இலைத் திரளுக்குப் பன்றி மயிர்த் தூரிகையில் கொஞ்சமாக வண்ணம் எடுத்து, துணியில் ஒற்றி, காய்ந்த நிலையில் இழுங்கள். கன்வஸின் நெசவு மேடுகளில் மட்டும் பச்சை ஒட்டும், குழிகளில் உங்கள் ஊதாவும் சிவப்பும் அப்படியே இருக்கும். நீங்கள் பயப்படும் இருட்டை இப்படிக் காப்பாற்றலாம். மயிர் பிரிந்துபோன பழைய தூரிகையை எறிந்துவிடாதீர்கள். முதிரை இலைக்கு அதைவிட நல்ல தூரிகை கடையில் கிடைக்காது. மெல்லிய கிளைகளை வரையாதீர்கள். பச்சை ஈரமாக இருக்கும்போதே தென்னை ஈர்க்கால் கீறுங்கள். கீழேயுள்ள செங்காவி கோடாக வெளிவரும். ஆனால் நம் வெயிலில் அக்ரிலிக் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஒரு கையகல இடத்தை முடித்து, கீறி, பிறகு அடுத்த இடத்துக்குப் போங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் இருந்தால் சிறிது கலக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரியது இதுதான்: வைத்த அடியைத் திரும்பத் தடவக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். கனடாவின் எமிலி கார் 1930களில் எண்ணெய் வண்ணத்தைப் பெற்றோல் விட்டுக் கரைத்து மலிவான தாளில் காடுகளை வரைந்தார். தாள் மலிவு, வண்ணம் ஓடும், கை தயங்கவே தேவையில்லை. அடிமரத்தைச் சுற்றிக் காற்றும் வெளிச்சமும் சுழன்று எழும்பும் அந்தப் படங்கள் அப்படித்தான் பிறந்தன. பெற்றோலை நீங்கள் தொட வேண்டாம், அது தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கேடு. அந்தத் தயக்கமின்மையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கன்வஸைத் தொடும் முன் பழைய பத்திரிகைத் தாளில் அதே வண்ணத்தால் அதே அடியைப் பழகிவிட்டு, கை சூடாக இருக்கும்போதே கன்வஸுக்கு வாருங்கள்.

கூழாவடி

அண்ணாவின் பதிவுக்குப் பிறகு என் தாளிலும் ஈர்க்கால் கீறிப் பார்த்தேன். நீர்வண்ணத்தில் கீறிய இடம் தாளில் பள்ளமாகி நிறத்தைக் குடித்து இருண்ட கோடாகிறது. கிளைக்கு அதுவும் நன்றாகவே இருக்கிறது.

அக்கா, நீங்கள் நேரில் பார்த்து வரைகிறீர்களா, புகைப்படம் பார்த்தா?

வாவிக்கரையாள்

இரண்டும். பஸ்ஸில் இறங்கி அங்கேயே சிறு குறிப்புப் படங்கள் போட்டேன், தம்பி கூட வந்தான். மிச்சம் கைத்தொலைபேசிப் படம்.

உன்னிச்சைக்குளம்

கைத்தொலைபேசி நிழலைக் கறுப்பாக்கிவிடும், வானத்தை வெள்ளையாக்கிவிடும். உருவத்துக்கு அதைப் பாருங்கள், நிறத்துக்கு உங்கள் குறிப்பையே நம்புங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு சிறு அட்டையில் நிழலின் நிறம், வெயில் பட்ட மண்ணின் நிறம், தூரத்துக் காட்டின் நிறம் ஆகிய மூன்றை மட்டும் அங்கேயே கலந்து பூசிக்கொண்டு வாருங்கள். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். இப்போது செப்டெம்பர் முற்பகுதி, நண்பகல் வெயில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நேரம் நிழல் மரத்தின் அடியிலேயே ஒடுங்கிவிடும், வரைவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வாவிக்கரையாள்

பச்சை வைத்துவிட்டேன். மருதுக்கு இடப்பக்கம் நிற்கும் பாலை மட்டும் இன்னும் முடியவில்லை. காய்ந்த தூரிகையால் வைத்த இடங்களில் சிவப்பு மினுங்குகிறது. அறுகம்பைக் காக்கா சொன்ன புழுதிப் பற்றைக்கு மஞ்சட்காவியில் கொஞ்சம் வெள்ளையும் ஊதாவும் கலந்தேன். அது முன்னால் மங்கலாக நிற்க, அதற்குப் பின்னால் காடு உள்ளே உள்ளே போகிறது.

கடைசியாக ஒரு கேள்வி. வலப்பக்கத்துக் காடு முழுவதும் இன்னும் கொஞ்சம் பொன்னிறமாக இருக்க வேண்டும். வீட்டில் எண்ணெய் வண்ணத்தில் ஒரு சிறு குழாய் மஞ்சள் இருக்கிறது. அக்ரிலிக்கின் மேல் அதை மெல்லியதாகப் பூசலாமா?

உன்னிச்சைக்குளம்

பூசலாம், மகள். அக்ரிலிக் முழுதாகக் காய்ந்த பின் அதன் மேல் எண்ணெய் வண்ணம் பிடிக்கும். ஆனால் எண்ணெய் வண்ணத்தின் மேல் மறுபடி அக்ரிலிக் வைத்தால் அது ஒட்டாமல் உரிந்துவிடும். ஆகவே அக்ரிலிக்கில் செய்ய வேண்டியதை எல்லாம், அந்தப் பாலை உட்பட, முதலில் முடித்துவிடுங்கள். குழாயில் என்ன மஞ்சள் என்று பாருங்கள். ஒளி ஊடுருவும் மஞ்சள் என்றால் லின்சீட் எண்ணெயில் கரைத்து மெல்லிய படலமாகப் பூசி, வெயில் விழாத இடங்களில் துணியால் ஒற்றி எடுங்கள். ஊடுருவாத மஞ்சள் என்றால் இந்த வேலைக்கு வேண்டாம், இத்தனை நாள் கட்டிய அடுக்குகளை எல்லாம் மூடிவிடும். மாரி தொடங்குவதற்கு முன் செய்துவிடுங்கள். நவம்பர் ஈரத்தில் எண்ணெய் வண்ணம் காயாமல் கிடக்கும், கன்வஸின் பின்புறம் பூஞ்சணமும் பிடிக்கும்.

வாவிக்கரையாள்

குழாயைப் பார்த்தேன் சேர், ஊடுருவாத மஞ்சள். அப்படியானால் அக்ரிலிக் மீடியத்தில் மஞ்சட்காவியை ஒரு சொட்டு மட்டும் கரைத்து வலப்பக்கத்துக்கு வைத்துப் பார்க்கிறேன். முதலில் பாலை. முடிந்ததும் படத்தை இங்கேயே இடுகிறேன்.